இளநிலை மாணவர் ஊட்டச்சத்து ஆய்வில் இறங்குவது எப்படி: முதல் வாசிப்பிலிருந்து கோப்புகளை ஒப்படைக்கும் நாள் வரை

ஆய்வில் சேர வேண்டும் என்ற ஆசை வந்ததும் இளநிலை மாணவர்கள் பெரும்பாலோர் முதலில் தேடுவது தலைப்பை. நீரிழிவும் நார்ச்சத்தும், குடல் நுண்ணுயிர்களும் மனநிலையும் என்று கவர்ச்சியான ஒரு தலைப்பு கிடைத்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று என்று எண்ணிக்கொள்கிறார்கள். ஊட்டச்சத்து ஆய்வைப் பொறுத்தவரை இது தவறான வாசல். ஒரு மனிதர் நேற்று என்ன உண்டார், எவ்வளவு உண்டார் என்ற எளிய கேள்விக்கு நம்பத்தக்க விடை பெறுவதே இத்துறையின் தீராத சிக்கல். அந்த விடையைப் பெறும் பொறுமையான வேலைக்குத்தான் ஆய்வுக் குழுக்கள் ஆள் தேடுகின்றன. அதைத்தான் ஓர் இளநிலை மாணவர், பட்டம் வாங்கும் முன்பே, மூத்தவர்களுக்கு இணையான தரத்தில் செய்ய முடியும். ஆகவே இந்த வழிகாட்டி தலைப்பை ஒதுக்கிவைத்து, அளவீட்டை நடுவில் நிறுத்திச் செல்கிறது.

மாணவர்களைத் தேற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. 1921-ஆம் ஆண்டுக் கோடையில் டொராண்டோவில் பிரெடெரிக் பான்டிங்குடன் இன்சுலின் ஆய்வில் சேர்ந்தபோது சார்லஸ் பெஸ்டுக்கு வயது 22. இளநிலைப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்தார். அவர் கொண்டுவந்தது இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள சர்க்கரையை அளக்கும் கைத்திறன். எல்சி விடோசனின் கதை இன்னும் பொருத்தமானது. 1933-இல் லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையின் சமையல் கூடத்தில் மருத்துவர் ராபர்ட் மெக்கான்ஸைச் சந்தித்த அந்த இளம் வேதியியலாளர், மெக்கான்ஸ் கணக்கிட்டிருந்த பழங்களின் சர்க்கரை அளவுகள் உண்மையைவிடக் குறைவு என்றும், பகுப்பாய்வில் பயன்படுத்திய அமிலம் ஃபிரக்டோஸின் ஒரு பகுதியைச் சிதைத்துவிட்டது என்றும் சுட்டிக்காட்டினார். மெக்கான்ஸ் கோபித்துக்கொள்ளவில்லை; அந்தப் பிழையைத் திருத்தும் வேலையையே அவருக்குப் பெற்றுத் தந்தார். இருவரும் 1940-இல் வெளியிட்ட உணவுப் பகுப்பாய்வு அட்டவணைகள் இன்றளவும் புதுப்பிக்கப்பட்டு வருகின்றன.

படி 1: எந்த வகை ஆய்வு என்பதைப் பிரித்தறியுங்கள்

ஊட்டச்சத்து ஆய்வு என்ற ஒரே பெயருக்குள் மிக வேறுபட்ட பல வேலைகள் அடங்கியுள்ளன. ஆய்வகத்தில் உணவின் வேதிக் கூறுகளையோ உயிரணுக்களையோ ஆராய்வது ஒன்று. மக்கள் கூட்டத்தின் உணவுப் பழக்கத்தையும் நோய்களையும் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்வது மற்றொன்று. பங்கேற்பாளர்களைச் சமவாய்ப்பு முறையில், அதாவது குலுக்கல் போல, பிரித்து வெவ்வேறு உணவு கொடுத்து ஒப்பிடும் சோதனை இன்னொன்று. ஏற்கெனவே திரட்டிய தரவை மறுபகுப்பாய்வு செய்வதும், வெளியான கட்டுரைகளை முறைப்படித் தொகுத்து மதிப்பிடுவதும் இவற்றோடு சேரும். ஆய்வகத்தில் உங்கள் நேரம் கருவிகளின் நேரத்தைப் பொறுத்தது. ஒரு சோதனை தொடங்கிவிட்டால் வகுப்பைக் காரணம் காட்டி நடுவில் எழுந்துவர முடியாது. களஆய்வில் உங்கள் நேரம் பங்கேற்பாளரின் வசதியைப் பொறுத்தது. தரவுப் பகுப்பாய்வுதான் இரவு பத்து மணிக்கும் விடுமுறை நாளிலும் செய்யத்தக்கது. உங்கள் வகுப்பு அட்டவணைக்கு எது பொருந்தும் என்பதை ஆர்வத்துக்கு முன்னதாகவே யோசிப்பது நல்லது. மாணவர்கள் இடையில் விலகிப்போவதற்கு ஆர்வக் குறைவைவிட நேரப் பொருத்தமின்மையே அதிகக் காரணம் என்பது என் எண்ணம்.

படி 2: ஒரே கட்டுரையைப் பலமுறை படியுங்கள்

இருபது கட்டுரைகளின் சுருக்கத்தைப் படித்தவரைவிட, ஒரே கட்டுரையின் முறையியல் பகுதியை ஐந்து முறை படித்தவர் ஆய்வுக் குழுவுக்கு அதிகம் பயன்படுவார். மருத்துவக் கட்டுரைகளைத் தேட உதவும் பப்மெட் இணையத்தளத்தில் உங்களுக்கு விருப்பமான பொருளில், முழு உரையும் இலவசமாகக் கிடைக்கும் ஒரு கட்டுரையைத் தேர்ந்தெடுங்கள். சுருக்கத்தைப் படித்தபின் முடிவுரைக்குத் தாவாமல் நேரே முறையியலுக்குச் செல்லுங்கள். யார் பங்கேற்றார்கள், எத்தனை பேர் விடுபட்டார்கள், உணவை எவ்வாறு அளந்தார்கள், நோயை எவ்வாறு உறுதிசெய்தார்கள், எதனுடன் ஒப்பிட்டார்கள் என்ற ஐந்து கேள்விகளுக்கும் உங்கள் சொற்களில் விடை எழுதுங்கள். விடை கிடைக்காத இடத்தைத் தனியே குறித்துவையுங்கள். பின்னால் பேராசிரியரிடம் கேட்க வேண்டிய கேள்வி பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

இப்படிப் படிப்பதால் என்ன தெரியவரும் என்பதற்குப் பீட்டா கரோட்டின் என்ற தாவர நிறமி ஓர் எடுத்துக்காட்டு. பழங்களும் காய்கறிகளும் நிறைய உண்பவர்களுக்கும், இரத்தத்தில் பீட்டா கரோட்டின் அதிகம் உள்ளவர்களுக்கும் நுரையீரல் புற்றுநோய் குறைவாக வருவதைப் பல பின்தொடர் ஆய்வுகள் கண்டிருந்தன. அதை நம்பி, பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைச் சமவாய்ப்பு முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு நாள்தோறும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் மாத்திரை கொடுத்தார்கள். 1994-இல் முடிவு வெளியானபோது, மாத்திரை உண்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக இருந்தது. பழம் உண்பவர் பழம் மட்டும் உண்பதில்லை. அவர் குறைவாகப் புகைபிடிப்பவராகவும், வசதி உள்ளவராகவும், மருத்துவரை உரிய நேரத்தில் பார்ப்பவராகவும் இருக்கக்கூடும். இவ்வாறு உணவோடும் நோயோடும் ஒருசேரப் பின்னிக்கிடக்கும் பிற காரணங்களைக் குழப்பக் காரணிகள் என்கிறோம். ‘தொடர்புடையது’ என்ற சொல்லைப் பார்த்ததும் ‘காரணமானது’ என்று படிக்கும் பழக்கத்தை இந்தக் கட்டத்திலேயே விட்டொழிக்க வேண்டும்.

சமவாய்ப்புச் சோதனை என்பதாலேயே அனைத்தையும் நம்பிவிடவும் கூடாது. மத்தியதரைக்கடல் உணவுமுறையை ஏறத்தாழ 7,400 பேரிடம் சோதித்து 2013-இல் வெளியான ஸ்பெயின் நாட்டுக் கட்டுரை 2018-இல் திரும்பப் பெறப்பட்டு, திருத்தப்பட்ட பகுப்பாய்வுடன் மீண்டும் வெளியிடப்பட்டது. ஒரே வீட்டைச் சேர்ந்த சிலரை, தனித்தனியே சமவாய்ப்பு முறையில் பிரிக்காமல், ஒரே குழுவில் சேர்த்திருந்தார்கள் என்பது அதில் கண்ட குறைகளுள் ஒன்று. களத்தில் யாரோ வசதிக்காகச் செய்த ஒரு மாற்றம், உலகம் முழுவதும் மேற்கோள் காட்டப்பட்ட ஒரு கட்டுரையையே அசைத்துவிட்டது.

படி 3: வழிகாட்டியைத் தேடி எழுதுங்கள்

உங்கள் துறைக்குள் மட்டும் தேடாதீர்கள். குழந்தைநலம், சமூக மருத்துவம், உணவுத் தொழில்நுட்பம், புள்ளியியல், உளவியல், விளையாட்டு அறிவியல் ஆகிய துறைகளிலும் உணவு சார்ந்த ஆய்வுகள் நடக்கின்றன. கடந்த மூன்றாண்டுகளில் ஒருவர் வெளியிட்டவற்றைப் பாருங்கள். அவற்றில் மாணவர்களின் பெயர்கள் தென்படுகின்றனவா என்பதையும் பாருங்கள். பெயர்பெற்ற பேராசிரியரைவிட, அவரிடம் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்யும் மாணவரே உங்களுக்கு அன்றாடம் கற்றுக்கொடுக்கப் போகிறவர். முடிந்தால் முதலில் அவரிடமே பேசுங்கள்; குழுவின் உண்மையான நடைமுறை அவர் வாய்வழியேதான் தெரியவரும்.

ஒரே மின்னஞ்சலை ஐம்பது பேருக்கு அனுப்பும் பழக்கம் பரவலாக இருக்கிறது. பெறுபவர் இரண்டாம் வரியிலேயே அதைக் கண்டுபிடித்துவிடுவார். ஐந்து பேருக்கு, ஐந்து வெவ்வேறு கடிதங்கள் எழுதுங்கள். அவற்றுள் ஒன்று இப்படி இருக்கலாம்:

“மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு, வணக்கம். நான் ஊட்டச்சத்தியல் இளநிலை இரண்டாம் ஆண்டு மாணவி. பள்ளிச் சிறுவர்களின் காலை உணவு குறித்த தங்கள் கட்டுரையைப் படித்தேன். உணவு விவரங்கள் வேலை நாட்களில் மட்டும் கேட்கப்பட்டதாக முறையியல் பகுதியில் உள்ளது. விடுமுறை நாட்களையும் சேர்த்திருந்தால் காலை உணவைத் தவிர்ப்போரின் விகிதம் மாறியிருக்குமா என்ற ஐயம் எனக்கு எழுந்தது. தங்கள் குழுவில் தரவுப் பதிவிலோ உணவு விவரம் திரட்டுவதிலோ உதவ விரும்புகிறேன். அடுத்த இரண்டு பருவங்களில் வாரம் எட்டு மணி நேரம் என்னால் ஒதுக்க முடியும். தேர்வு நடக்கும் மூன்று வாரங்கள் மட்டும் இயலாது. ஆய்வு அனுபவம் எனக்கு இல்லை. அடிப்படைப் புள்ளியியல் பாடத்தை முடித்துள்ளேன். பதினைந்து நிமிடம் நேரில் சந்திக்கத் தாங்கள் அனுமதித்தால் நன்றியுடையவளாவேன்.”

இந்தக் கடிதத்தில் புகழ்ச்சி இல்லை என்பதைக் கவனியுங்கள். படித்ததற்கான சான்றாக ஒரு கேள்வி, தரக்கூடிய நேரம், தரமுடியாத நேரம், இல்லாத தகுதி ஆகியவை ஒளிவுமறைவின்றி உள்ளன. பதில் வராவிட்டால் இரண்டு வாரம் பொறுத்து ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்தவருக்கு எழுதுங்கள். பதில் வராமை பெரும்பாலும் அவருடைய அஞ்சல்பெட்டியின் நிலையைத்தான் காட்டுகிறது.

படி 4: முதல் சந்திப்பில் கேட்க வேண்டியவை

தயக்கத்தால் மாணவர்கள் இங்கே எதையும் கேட்பதில்லை, பின்னர் வருந்துகிறார்கள். முதல் மூன்று மாதம் என் வேலை எதுவாக இருக்கும், வாரந்தோறும் நான் யாரிடம் அறிக்கை தர வேண்டும், இந்த ஆய்வுக்கு அறநெறிக் குழுவின் அனுமதி கிடைத்துவிட்டதா, எந்த அளவு பங்களித்தால் கட்டுரையில் பெயர் இடம்பெறும், இந்த வேலைக்கு ஊதியமோ பாடமதிப்பெண்ணோ உண்டா என்று பணிவுடன் கேட்பதில் தவறேதும் இல்லை. இவற்றுக்குத் தெளிவாக விடை தரும் குழுவில் சேருங்கள். “சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்பதே எல்லாவற்றுக்கும் விடையாக வந்தால், சற்று யோசிப்பது நல்லது.

படி 5: அறநெறி அனுமதி கிடைக்கும் வரை ஒரு தரவையும் தொடாதீர்கள்

மனிதர்களைப் பற்றிய ஆய்வுக்கு அறநெறிக் குழுவின் ஒப்புதல் முன்கூட்டியே வேண்டும். நண்பர்களிடம் ஒரு வினாத்தாளைச் சுற்றுக்கு விட்டு விவரம் திரட்டிவிட்டு, பிறகு அனுமதி கேட்பது செல்லாது. அந்தத் தரவை ஆய்வுக்குப் பயன்படுத்த முடியாமல் போகும். அனுமதிக்கு வாரங்களும் சில சமயம் மாதங்களும் ஆகும் என்பதால், ஒரே பருவத்துக்குள் புதிய களஆய்வு ஒன்றைத் தொடங்கி முடிப்பதாகத் திட்டமிடாதீர்கள். ஏற்கெனவே அனுமதி பெற்ற ஆய்வில் உங்கள் பெயரைக் குழு உறுப்பினராகச் சேர்க்கச் சொல்வதே நடைமுறைக்கு உகந்த வழி.

இந்த விதிகள் காகிதச் சடங்காகத் தோன்றலாம். உணவு ஆய்வில் கெடுதல் என்ன நேர்ந்துவிடும் என்றும் தோன்றலாம். சுவீடனின் விபெஹோல்ம் மருத்துவமனையில் 1940-களின் பிற்பகுதியில், அறிவுத்திறன் குறைபாடு கொண்ட நோயாளிகளுக்குப் பல்லில் ஒட்டிக்கொள்ளும் இனிப்புகளை வேண்டுமென்றே தொடர்ந்து கொடுத்து, பற்கள் சொத்தையாவதைப் பதிவு செய்தார்கள். கனடாவில் 1940-களிலும் 1950-களின் தொடக்கத்திலும் உறைவிடப் பள்ளிகளில் இருந்த பூர்வகுடிச் சிறுவர்களை, அவர்கள் சத்துக்குறைவால் வாடுவது தெரிந்தும், ஒப்புதல் பெறாமல் உணவுச் சோதனைகளுக்கு உட்படுத்தினார்கள். மனிதர்களிடம் நடத்தும் ஆய்வுக்கு விதி வகுத்த 1947-இன் நியூரம்பெர்க் நெறிகளும் 1964-இன் ஹெல்சிங்கி அறிக்கையும் வலியுறுத்தும் தன்விருப்ப ஒப்புதல் என்பதற்கு உணவு ஆய்விலும் அதே எடை உண்டு.

நடைமுறையில் உங்கள் பொறுப்பு இதுதான்: ஒப்புதல் படிவத்தைப் பங்கேற்பாளர் படித்தார் என்பதோடு நில்லாமல், அவருக்குப் புரிந்தது என்பதை உறுதிசெய்யுங்கள். “இந்த ஆய்வில் உங்களிடம் என்ன கேட்கப்போகிறோம் என்று உங்கள் சொற்களில் சொல்ல முடியுமா?” என்ற ஒரு கேள்வி போதும். எந்த நேரத்திலும், காரணம் சொல்லாமலே அவர் விலகலாம் என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள். அவருடைய உடல் எடையும் நோயும் உங்கள் நண்பர்கள் கூட்டத்தில் பேச்சுப்பொருளாகக் கூடாது. பெயரை மறைத்துச் சொன்னாலும் கூடாது.

படி 6: அளக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது இந்தப் படிக்கு முற்றிலும் பொருந்தும்.

உயரத்தை எடுத்துக்கொள்வோம். காலணி கழற்றி, குதிகால்கள் சேர்ந்து, முதுகு நிமிர்ந்து நிற்க வேண்டும். காதுத் துளையின் மேல்விளிம்பும் கண்குழியின் கீழ்விளிம்பும் ஒரே கிடைக்கோட்டில் இருக்குமாறு தலையைச் சரிசெய்ய வேண்டும். 0.1 சென்டிமீட்டர் வரை படித்து, இரண்டு முறை அளந்து, இரண்டையும் எழுத வேண்டும். இவ்வளவு தேவையா? 64 கிலோ எடையும் 161 சென்டிமீட்டர் உயரமும் உள்ள ஒருவரின் உடல் நிறைக் குறியீட்டெண், அதாவது கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்த எண், 24.7. அவர் சற்றுக் கூனி நின்றதால் 159 என்று நீங்கள் எழுதிவிட்டால் அது 25.3 ஆகிவிடும். உலகச் சுகாதார நிறுவனத்தின் பொது வரம்பு 25 என்பதால், இரண்டு சென்டிமீட்டர் கவனக்குறைவு ஒரு மனிதரை இயல்பு எடையிலிருந்து மிகை எடைக்குத் தள்ளிவிடுகிறது. இப்படி நூறு பேரில் பத்துப் பேர் இடம் மாறினால், பிறகு எந்தப் புள்ளியியல் மென்பொருளாலும் அவர்களை மீட்டுக் கொண்டுவர முடியாது.

உணவை அளப்பது இதைவிடப் பலமடங்கு கடினம். மிகுதியாகப் பயன்படும் முறை 24 மணி நேர உணவு நினைவுகூரல். அதாவது, நேற்று முழுவதும் உண்டவற்றையும் பருகியவற்றையும் பங்கேற்பாளரை நினைவுபடுத்திச் சொல்லச் செய்வது. தேர்ந்த நேர்காணலாளர் இதை ஐந்து சுற்றுகளாக நடத்துவார். முதல் சுற்றில் குறுக்கிடாமல், நினைவுக்கு வரும் வரிசையில் எல்லாவற்றையும் சொல்லவிடுவார். இரண்டாவதில் மறந்துபோகக்கூடியவற்றை, அதாவது பானங்கள், இனிப்புகள், கொறிப்பவை, பழங்கள் முதலியவற்றை நினைவூட்டுவார். மூன்றாவதில் ஒவ்வொன்றுக்கும் உண்ட நேரத்தையும் வேளையையும் குறிப்பார். நான்காவதில் அளவு, சமைத்த விதம், சேர்த்த எண்ணெய், சர்க்கரை ஆகிய விவரங்களைக் கேட்பார். ஐந்தாவதில் பட்டியல் முழுவதையும் மீண்டும் வாசித்து, விட்டுப்போனது எதுவும் உண்டா என்று இறுதியாகக் கேட்பார். தொடக்கநிலை மாணவர் முதல் சுற்றிலேயே “எத்தனை கிராம்?” என்று கேட்டுவிடுவார்; பேச்சின் இழை அறுந்து, அடுத்து நினைவுக்கு வரவிருந்த உணவு மறந்தே போகும்.

உங்கள் முகமும் ஓர் அளவுகருவிதான் என்பதை மறக்காதீர்கள். பங்கேற்பாளர் மூன்றாவது இனிப்பைச் சொல்லும்போது உங்கள் புருவம் சற்று உயர்ந்தால், நான்காவது இனிப்பு உங்கள் தாளுக்கு வந்து சேராது. “காலை உணவு என்ன சாப்பிட்டீர்கள்?” என்று கேட்காமல் “எழுந்த பிறகு முதலில் என்ன சாப்பிட்டீர்கள், அல்லது குடித்தீர்கள்?” என்று கேளுங்கள், முன்னது, காலை உணவு உண்ணாதவரையும் ஏதேனும் ஒன்றைச் சொல்லத் தூண்டும். வீட்டில் புழங்கும் கிண்ணங்களிலும் கரண்டிகளிலும் நீரை நிரப்பி, அளவுக் குடுவையில் ஊற்றிப் பாருங்கள். ஒரு கிண்ணம் என்று மனிதர்கள் சொல்லும் அளவு எவ்வளவு வேறுபடுகிறது என்பது ஒரே மாலையில் புரிந்துவிடும். களத்துக்குப் போகும் முன் குறைந்தது பத்துப் பேரிடம் பயிற்சி செய்யுங்கள். அவர்களுள் இருவரிடம் உங்கள் மூத்தவரும் தனியே கேட்கட்டும். இரு தாள்களையும் அருகருகே வைத்து ஒப்பிடுவதைவிடச் சிறந்த பாடம் இல்லை.

இவ்வளவு செய்தாலும் மனிதர்கள் தாம் உண்டதைக் குறைத்தே சொல்கிறார்கள். இது எப்படித் தெரியவந்தது என்பது சுவையான செய்தி. ஹைட்ரஜன், ஆக்சிஜன் ஆகியவற்றின் கனமான வடிவங்களான டியூட்டீரியமும் ஆக்சிஜன்-18-உம் கலந்த நீரைப் பருகச் செய்து, அவை உடலிலிருந்து வெளியேறும் வேகத்தை அளப்பார்கள். டியூட்டீரியம் நீராக மட்டுமே வெளியேறும். ஆக்சிஜன்-18 நீராகவும் கரியமில வாயுவாகவும் வெளியேறும். இரண்டின் வேக வேறுபாட்டிலிருந்து கரியமில வாயுவின் அளவையும், அதிலிருந்து உடல் செலவிட்ட ஆற்றலையும் கணக்கிடலாம். எடை மாறாத ஒருவர் செலவிட்ட ஆற்றலும் உண்ட ஆற்றலும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். ஆனால் அவர்கள் சொன்ன உணவின் ஆற்றல் பெரும்பாலும் குறைவாகவே இருந்தது. உடல் எடை கூடியவர்களிடம் இந்த இடைவெளி மேலும் அகன்றிருந்தது. உங்கள் தரவிலும் அந்த இடைவெளி இருக்கும் என்ற நினைப்போடுதான் பகுப்பாய்வில் உட்கார வேண்டும்.

நினைவை நம்பாமல் நேரடியாக அளந்தால் சிறிய ஆய்வும் வலுப்பெறும். அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் 2019-இல் வெளியிட்ட சோதனையில் பங்கேற்றவர்கள் 20 பேர்தான். அவர்களை நான்கு வாரம் அங்கேயே தங்கவைத்து, மிகையாகப் பதப்படுத்திய உணவை இரண்டு வாரமும், அதிகம் பதப்படுத்தாத உணவை இரண்டு வாரமும் கொடுத்து, உண்டதை அளந்தார்கள். முதல் வகை உணவின்போது நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கிலோ கலோரி அதிகமாக உண்டது தெரியவந்தது. இத்தகைய சோதனைகளில் பரிமாறிய உணவின் எடையிலிருந்து தட்டில் மிஞ்சியதன் எடையைக் கழிக்க யாரோ ஒருவர் ஒவ்வொரு வேளையும் தராசின் முன் நின்றாக வேண்டும்.

படி 7: தரவுத் தாளை ஒழுங்காக வைத்திருங்கள்

ஒரு வரிக்கு ஒரு பங்கேற்பாளர், ஒரு நெடுவரிசைக்கு ஒரு மாறி என்பதே அடிப்படை விதி. தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் குழப்பம் வராது. விடுபட்ட விவரத்தைச் சுழியம் என்று எழுதாதீர்கள். இரும்புச்சத்து 0 என்பதும் இரும்புச்சத்து அளக்கப்படவில்லை என்பதும் வேறு வேறு. விடுபட்டதற்கு 999 என்று குறியீடு வைத்துவிட்டு, பகுப்பாய்வின்போது அதை நீக்க மறந்து, சராசரி எடை வானத்துக்குப் போன கதைகள் இத்துறையில் ஏராளம். ஒவ்வொரு மாறியின் பெயர், அலகு, குறியீடு ஆகியவற்றை விளக்கும் தனித் தாளை முதல் நாளிலேயே தொடங்குங்கள். மூலக் கோப்பை ஒருபோதும் திருத்தாமல், அதன் நகலில் வேலை செய்யுங்கள். பெயர்ப் பட்டியலும் ஆய்வு எண்களும் இருக்கும் கோப்பை, உணவு விவரக் கோப்பிலிருந்து பிரித்து, குழு சொல்லும் பாதுகாப்பான இடத்தில் வையுங்கள். பகுப்பாய்வுக்கு ஆர் என்ற இலவச மென்பொருளைக் கற்பது பயன் தரும். நீங்கள் செய்த ஒவ்வொரு படியும் கட்டளைகளாக எழுத்தில் நிலைத்திருக்கும்.

படி 8: சொந்தக் கேள்வி ஒன்றைச் சிறிதாகக் கேளுங்கள்

ஒரு பருவம் பிறருடைய ஆய்வில் உழைத்தபின், உங்கள் கேள்வி தானாகவே முளைத்திருக்கும். அதை யாரிடம், எதை, எதனோடு ஒப்பிட்டு, எந்த விளைவை அளக்கப்போகிறேன் என்ற நான்கு பகுதிகளாக எழுதிப் பாருங்கள். ஒரு பகுதி காலியாக இருந்தாலும் கேள்வி இன்னும் பழுக்கவில்லை.

புதிதாகத் தரவு திரட்ட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அமெரிக்கத் தேசியச் சுகாதார, ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பின் அடையாளம் நீக்கிய தரவுகளை உலகில் யாரும் இலவசமாகத் தரவிறக்கிப் பயன்படுத்தலாம். உணவு நினைவுகூரலும் இரத்தப் பரிசோதனை முடிவுகளும் அதில் சேர்ந்தே உள்ளன. ஒரே எச்சரிக்கை: அது எளிய சமவாய்ப்பு மாதிரி அல்ல என்பதால், தரப்பட்டுள்ள மாதிரி எடைகளை (ஒவ்வொரு பங்கேற்பாளரும் மக்கள்தொகையில் எத்தனை பேருக்குப் பிரதிநிதி என்று காட்டும் எண்களை) பயன்படுத்தாமல் சராசரி கண்டால் தவறான விடைதான் வரும். முறைப்படியான இலக்கியத் தொகுப்பைத் தேர்ந்தெடுத்தால் அத்தகைய தொகுப்பை எப்படி அறிக்கையிட வேண்டும் என்று சொல்லும் பிரிஸ்மா நெறிமுறையைப் பின்பற்றுங்கள். கட்டுரைகளைத் தேர்வதற்கு உங்களோடு இன்னொருவரும் தனித்தனியே வேலை செய்ய வேண்டியிருக்கும். இதை எளிதான குறுக்குவழி என்று நினைத்து இறங்கும் மாணவர்கள் ஆறு மாதத்துக்குப் பிறகும் சுருக்கங்களையே வடிகட்டிக்கொண்டிருப்பது வழக்கம்.

பகுப்பாய்வைத் தொடங்கும் முன், எதை எப்படிச் சோதிக்கப்போகிறீர்கள் என்று எழுதி, தேதியிட்டு, வழிகாட்டிக்கு அனுப்பிவிடுங்கள். உண்மையில் எந்தத் தொடர்பும் இல்லாத, ஒன்றையொன்று சாராத இருபது ஊட்டச்சத்துகளை ஒரு நோயோடு ஒப்பிட்டால், 5 சதவீத வரம்பில் (தொடர்பே இல்லாதபோதும் நூற்றுக்கு ஐந்து முறை தற்செயலாகத் தொடர்பு தென்படலாம் என்று ஏற்கும் அளவுகோலில்) குறைந்தது ஒன்றாவது ‘குறிப்பிடத்தக்கது’ என்று வெளிப்பட 64 சதவீத வாய்ப்பு உண்டு. அந்த ஒன்றை மட்டும் எடுத்துக் கட்டுரையாக்குவது நேர்மையற்றது. பலர் அதை அறியாமலே செய்கிறார்கள். தொடர்பு இல்லை என்ற முடிவும் முடிவுதான். அதையும் எழுதுங்கள்.

படி 9: எழுதுவதும் பெயர் சேர்ப்பதும்

மாணவர் மாநாட்டில் ஒரு சுவரொட்டி வழியாக முடிவுகளைக் காட்டுவது நல்ல தொடக்கம். எதிரில் நிற்பவர் கேட்கும் கேள்விகளே கட்டுரையின் ஓட்டைகளைக் காட்டிக்கொடுக்கும். கட்டுரை எழுதும்போது, நோக்குநிலை ஆய்வுகளுக்கான (எதையும் மாற்றாமல் கவனித்து மட்டும் பதிவு செய்பவை) ஸ்ட்ரோப் சரிபார்ப்புப் பட்டியலையும் சமவாய்ப்புச் சோதனைகளுக்கான கன்சார்ட் சரிபார்ப்புப் பட்டியலையும் அருகில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியையும் சரிபாருங்கள்.

யார் ஆசிரியர் என்பதில் மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு நான்கு நிபந்தனைகளை வைத்திருக்கிறது: ஆய்வின் திட்டத்திலோ தரவிலோ பகுப்பாய்விலோ கணிசமான பங்களிப்பு, கட்டுரையை எழுதுதல் அல்லது கருத்துச் செறிவோடு திருத்துதல், இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், உள்ளடக்கத்துக்குப் பொறுப்பேற்றல். நான்கும் சேர்ந்து இருக்க வேண்டும். ஆகவே தரவைத் திரட்டிய மாணவருக்கு வரைவைப் படித்துத் திருத்தும் வாய்ப்பு தராமலே, திருத்தவில்லை என்று காரணம் காட்டி அவரை நன்றியுரைக்குத் தள்ளுவது முறையல்ல. அந்த வாய்ப்பைக் கேட்டுப் பெறுங்கள். அங்கீகாரத்தில் விடுபடுவது பெஸ்டுக்கும் நேர்ந்தது. 1923-இன் நோபல் பரிசு பான்டிங்குக்கும், ஆய்வகத் தலைவர் மெக்லியாடுக்கும் மட்டும் சென்றது. பான்டிங் தன் பரிசுத் தொகையில் பாதியைப் பெஸ்டுக்குக் கொடுத்தார். எல்லா மாணவர்களுக்கும் ஒரு பான்டிங் வாய்ப்பதில்லை. ஆகவே பெயர் வரிசையைப் பற்றிய பேச்சு வேலையின் தொடக்கத்திலேயே நடந்து, மின்னஞ்சலில் ஒரு வரியாகவாவது பதிவாகியிருக்கட்டும்.

பணம் கட்டினால் ஒரே வாரத்தில் வெளியிடுகிறோம் என்று அழைக்கும் இதழ்களைத் தவிருங்கள். மதிப்பாய்வு இல்லாமல் வெளியான கட்டுரை உங்கள் பெயரோடு நிலைத்துவிடும், நீக்குவதோ அரிது.

படி 10: விடைபெறும் வாரத்தில்

பட்டம் முடியும் தருவாயில் உங்கள் வேலையை அடுத்து வரும் மாணவர் தொடரப்போகிறார். மாறிகளின் விளக்கத் தாளைப் புதுப்பியுங்கள். பகுப்பாய்வுக் கட்டளைகளை உங்கள் கணினியில் அல்லாமல் வேறொரு கணினியில் ஒருமுறை ஓட்டி, அதே எண்கள் வருகின்றனவா என்று பாருங்கள். எந்தப் பங்கேற்பாளரின் எந்த அளவீட்டில் உங்களுக்கே ஐயம் இருந்தது என்பதை ஆய்வு எண்ணோடு ஒரு பக்கத்தில் எழுதிவையுங்கள். அந்தப் பக்கத்தை உங்களைத் தவிர வேறு யாராலும் எழுத முடியாது. பிறகு குறிப்பேட்டையும் நிரப்பிய ஒப்புதல் படிவங்களையும் குழுவிடம் ஒப்படைத்துக் கையொப்பம் பெற்றுக்கொண்டு, உங்கள் மடிக்கணினி, கைபேசி, மின்னஞ்சல் இணைப்புகள் ஆகிய அனைத்திலும் எஞ்சியிருக்கும் பங்கேற்பாளர் தரவை அழித்துவிட்டு, அழித்த தேதியை வழிகாட்டிக்குத் தெரிவியுங்கள்.